நாலடி பத்தங்குலம் போதுமா?

(மைதான ஓரம்: ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியரின் பதில்கள்)

கேள்வி: ஒன்பதாவது படிக்கும் என் மகன் நாலடி பத்தங்குலம்தான். ஸ்கூல் கூடைப்பந்து டீமில் எடுக்கவில்லை. வீட்டில் ஒரே அழுகை. வேறு எதில் சேர்க்கலாம்?
– ஒரு தாய், திண்டுக்கல்

பதில்: அம்மா, மக்சி போக்ஸ் என்று ஒருவர். ஐந்தடி மூன்று அங்குலம். அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்து லீக்கில் 14 சீசன் ஆடினார். 1987-88ல் வாஷிங்டன் அணியில் அவரோடு ஆடிய மனூட் போல் ஏழடி ஏழங்குலம்! நெட்டையர்கள் பந்தைத் தரையில் தட்டும்போது போக்ஸ் கீழே புகுந்து பறித்துவிடுவார். ஆனாலும் அவர் மாதிரி ஒருவர் வந்ததே அபூர்வம். அதை மறைத்து உங்களுக்கு ஆசை காட்டக்கூடாது.

பளு தூக்குவதில் கதையே வேறு. துருக்கியின் நயீம் சுலைமானோக்லுவும் உங்கள் பையன் உயரம்தான். 1988 சியோல் ஒலிம்பிக்கில் 60 கிலோ பிரிவில் நின்று, 190 கிலோவைத் தலைக்கு மேல் தூக்கினார். கையும் காலும் குட்டையாக இருந்தால் கம்பி மேலே போகவேண்டிய தூரம் குறைவு. ஜிம்னாஸ்டிக்ஸிலும் குட்டை உடம்புதான் அந்தரத்தில் சட்டென்று சுழலும்.

அதற்காக நாளைக்கே பளு தூக்க அனுப்பிவிடாதீர்கள். பையன் இன்னும் வளர்ந்து முடிக்கவில்லை. நான் இதில் சூடுபட்டவன். எட்டாம் வகுப்பில் ஒரு பொடியனை வாலிபால் பக்கமே வராதே என்று விரட்டினேன். பிளஸ் டூவில் ஏதோ கையெழுத்துக்காக என் ரூமுக்கு வந்தவன் நிலைப்படியில் தலையை இடித்துக்கொண்டான். ஆறடிக்கு மேல்! அன்று சாயங்காலமே கிரவுண்டுக்குக் கூப்பிட்டேன். பந்து கைக்கு வசப்படவே இல்லை. பழகவேண்டிய நாலு வருஷத்தை நான் தின்றுவிட்டேனே. உங்கள் பையன் பந்தை விடாமல் தட்டிக்கொண்டிருக்கட்டும். டீம் அடுத்த வருஷமும் எடுப்பார்கள்.

கேள்வி: கபடிக்கு உடம்பு கனமாக இருந்தால் நல்லதுதானே?
– கல்லூரி மாணவர், மன்னார்குடி

பதில்: சீனியர் ஆண்களுக்கு 85 கிலோதான் உச்சவரம்பு, தம்பி. எடை போடும் நாளன்று பட்டினி கிடந்து, ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு வெயிலில் ஓடியவர்களை நான் பார்த்திருக்கிறேன். எடையில் தப்பித்தார்கள்; இரண்டாவது ரெய்டிலேயே கால் பின்னியது. கணுக்காலைப் பிடிக்கிற கார்னர்காரனுக்கு இடுப்பு தாழவேண்டும். ரெய்டருக்கு எட்டித் தொட நீளக் கால் வேண்டும். தொந்தி இரண்டு பேருக்குமே ஆகாது.

கேள்வி: நீச்சலுக்கு ஏற்ற உடம்பு எது?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: அமெரிக்க நீச்சல் வீரர் மைக்கேல் ஃபெல்ப்ஸ் ஆறடி நாலங்குலம், கைகளை விரித்தால் ஆறடி ஏழங்குலம். இடுப்புக்கு மேலே உடம்பு நீளம், அந்த உயரத்துக்குக் கால் குட்டை. நீச்சலுக்கு ஏற்றது அப்படிப்பட்ட உடம்புதான். சுவரில் சாய்ந்து கையை விரித்து நீங்களும் அளந்து பாருங்கள். எனக்கு உயரத்தைவிட ஓர் அங்குலம் குறைவாக வந்தது. எனக்கு நீச்சலே தெரியாது என்பது தனிக்கதை.