ட்ரோபோனின் கூடினால் மாரடைப்பா? தீவிர சிகிச்சை மருத்துவரின் பதில்கள்

கேள்வி: நிமோனியா முற்றி, செப்சிஸ் (தொற்றுக்கு உடல் கட்டுமீறி எதிர்வினை காட்டி உறுப்புகள் பழுதாவது) ஆகி அப்பா ஐ.சி.யு.வில் இருக்கிறார். ட்ரோபோனின் கூடியிருக்கிறதாம். மாரடைப்பும் வந்துவிட்டதா, டாக்டர்?

அந்த ஓர் எண்ணை வைத்து அப்படிச் சொல்ல முடியாது. ட்ரோபோனின் இதயத் தசைக்குள் இருக்கும் புரதம். தசை காயப்பட்டால் ரத்தத்தில் கசியும். காயம் எதனால் என்று சொல்லாது. செப்சிஸில் காரணங்கள் பல. இதயம் நிமிடத்துக்கு 130 முறை துடித்து ஆக்சிஜன் கேட்கும்; ரத்த அழுத்தமோ விழுந்து கிடக்கும். அழற்சிப் பொருட்கள் தசைச் செல்களின் சவ்வைத் தளர்த்தும். நுண்ணிய ரத்தக்குழாய்களில் ஓட்டம் தடைப்படும். மாரடைப்பு என்று சொல்ல இ.சி.ஜி. மாற்றம், நெஞ்சுவலி, எக்கோவில் (இதய ஸ்கேனில்) புதிதாக அசையாத பகுதி போன்ற சான்றும் வேண்டும். 2018இன் சர்வதேச வரையறையும் அதைத்தான் கேட்கிறது. வென்டிலேட்டரில் மயக்கத்தில் இருப்பவர் வலியைச் சொல்லப்போவதில்லை. அங்கேதான் சிக்கலே.

கேள்வி: எதற்கும் இருக்கட்டும் என்று மாரடைப்புக்கான அளவில் ஹெப்பாரின் (ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து) கொடுத்தால் என்ன?

‘எதற்கும் இருக்கட்டும்’ என்று கொடுக்கும் மருந்தல்ல அது. செப்சிஸில், ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் ஏற்கெனவே குறைந்திருக்கலாம். ரத்தக்கசிவு தொடங்கினால் யார் நிறுத்துவது?

கேள்வி: நான் ஐ.சி.யு. செவிலியர். ட்ரோபோனினை ஏன் திரும்பத் திரும்ப எடுக்கச் சொல்கிறீர்கள்?

42, 45, 43 என்று ஒரே மட்டத்தில் நின்றால், நாள்பட்ட சிறுநீரக நோய் போன்ற பழைய காரணத்தைத் தேடுவேன். 40, 190, 600 என்று ஏறினால் உடனே இ.சி.ஜி. எடுக்கச் சொல்வேன்.

கேள்வி: இதயத்தின் சுமையைக் காட்டும் ரத்தப் பரிசோதனையான என்டி-புரோபிஎன்பி மிக அதிகம். சலைனை நிறுத்திவிடலாமா?

அதை மட்டும் பார்த்து நிறுத்த வேண்டாம். இதயச் சுவர் இழுபட்டால் அது கூடும். சிறுநீரகம் பழுதானாலும், வயதானாலும் கூடும். உடல் பருத்தவருக்குக் குறைவாகவே காட்டும். நான் நோயாளியின் கால்களைத் தூக்கிவைத்துப் பார்ப்பேன். ஒரு நிமிடத்துக்குள் இதயம் வெளித்தள்ளும் ரத்தம் கூடினால், திரவத்தை ஏற்கும் நிலையில் இருக்கிறது என்று பொருள்.

கேள்வி: எக்கோவில், துடிப்புக்கு 30 சதவீத ரத்தம்தான் வெளியேறுகிறது என்கிறார்கள். மீளுமா?

செப்சிஸால் வந்த தளர்ச்சி என்றால், பிழைத்தவர்களில் பெரும்பாலும் மீள்கிறது. 7 முதல் 10 நாட்களில் இதயம் பழைய நிலைக்குத் திரும்பியதை 1984இல் வந்த ஆய்விலேயே பார்த்திருக்கிறார்கள். ட்ரோபோனினைக் குறைக்கவென்று தனி மருந்து கிடையாது. ஆன்டிபயாடிக் உரிய நேரத்தில் கொடுக்கப்பட்டதா, சீழ் எங்காவது தங்கியிருக்கிறதா என்று கேளுங்கள். எக்கோவை ஒரு வாரம் கழித்து மறுபடியும் எடுக்கச் சொல்லுங்கள்.