ரைஃபிள் தோட்டாவுக்கான பித்தளைக் கூடு: எதை, எங்கே வாங்குவது?

கேள்வி: அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் வசிக்கிறேன். .308 வின்செஸ்டர் தோட்டாவுக்கான போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள் ஒன்று என்னிடம் உள்ளது. மான் வேட்டைக்கும், 600 கஜம் வரையிலான இலக்குப் பயிற்சிக்கும் பயன்படுத்துகிறேன். சொந்தமாக ரீலோடிங் (சுட்ட கூட்டில் மருந்தும் குண்டும் இட்டு மீண்டும் தோட்டாவாக்குதல்) செய்யக் கருவிகளை வாங்கிவிட்டேன். கூடுகளைப் பொறுத்தவரை எனக்கு மூன்று வழிகள் உள்ளன: லப்புவா நிறுவனத்தின் புதிய கூடுகள் விலை அதிகம்; இராணுவம் ஒருமுறை சுட்ட கூடுகள் மலிவாகக் கிடைக்கின்றன; நண்பர் ஒருவர் சுடுதளத்தில் பொறுக்கிய ஒரு பை நிறையக் கூடுகளை இலவசமாகவே தருகிறார். எதை எடுப்பது?

பதில்: உங்கள் தேவைக்கு 200 கூடுகள் தாராளம். அவை அனைத்தும் ஒரே தயாரிப்பாளரின், ஒரே லாட்டைச் (தயாரிப்புத் தொகுதியை) சேர்ந்த, புதிய கூடுகளாக இருக்கட்டும். எந்த நிறுவனம் என்பதைவிட, கையில் உள்ளவை எல்லாம் ஒரே மாதிரியானவையா, அவற்றின் பழைய கதை உங்களுக்கு முழுமையாகத் தெரியுமா என்பதே முக்கியம்.

காரணத்தைச் சொல்கிறேன். கூட்டுக்கான பித்தளையில் 70 விழுக்காடு செம்பு, 30 விழுக்காடு துத்தநாகம். சுடும் கணத்தில் அது விரிந்து துப்பாக்கியின் சேம்பர் (தோட்டா அமரும் அறை) சுவரோடு ஒட்டி, வாயு பின்பக்கம் கசியாதபடி அடைத்து, அழுத்தம் தணிந்ததும் சற்றே சுருங்கி வெளியே வர வழிவிடுகிறது. .308 வின்செஸ்டருக்கு அமெரிக்கத் தொழில்தரம் அனுமதிக்கும் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு. கூட்டின் வெளியளவைச் சேம்பர் தீர்மானித்துவிடுவதால், சுவர் தடித்த கூட்டில் உள்ளே இடம் குறையும். இடம் குறைந்தால், அதே அளவு வெடிமருந்து கூடுதல் அழுத்தம் தரும். அமெரிக்க இராணுவத்தின் லேக் சிட்டி ஆலையில் செய்த 7.62 கூடு (.308-இன் இராணுவ இணை) ஏறத்தாழ 180 கிரெயின் (மிகச் சிறிய எடை அலகு) இருக்கும்; வின்செஸ்டரின் வணிகக் கூடு 160 கிரெயின் அளவில் இருக்கும். அந்த 20 கிரெயின் கூடுதல் பித்தளை, ஏறக்குறைய 2.3 கிரெயின் தண்ணீர் பிடிக்கும் இடத்தை அடைத்துக்கொள்கிறது. மொத்தக் கொள்ளளவே 56 கிரெயின் தண்ணீர் அளவுதான் என்பதால் இது சிறிய வேறுபாடு அல்ல. எனவே ஒரு கூட்டுக்கென்று தேர்ந்த மருந்தளவை வேறொரு கூட்டில் அப்படியே போடக் கூடாது. ரீலோடிங் கையேட்டின் தொடக்க அளவுக்கு இறங்கி, மீண்டும் படிப்படியாகத்தான் ஏற வேண்டும். எடை மட்டுமே முழு உண்மையைச் சொல்லிவிடாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எடை வேறுபாட்டில் ஒரு பகுதி விளிம்பிலும் அதையொட்டிய பள்ளத்திலும் இருக்கலாம். உறுதி வேண்டுமானால், சுட்ட கூட்டில் தண்ணீர் நிரப்பி எடை பார்ப்பதே சரியான வழி.

இராணுவக் கூடுகளுக்கு வருவோம். மிசூரி மாநிலம் இண்டிபெண்டன்ஸ் நகரில் 1941-இல் தொடங்கிய லேக் சிட்டி ஆலையின் கூடுகளை அடிப்பக்க முத்திரையைக் கொண்டே அடையாளம் காணலாம்: எல், சி என்ற இரண்டு ஆங்கில எழுத்துகள், ஆண்டைக் குறிக்கும் இரண்டு இலக்கங்கள், வட்டத்துக்குள் சிலுவை போன்ற நேட்டோ குறி. பித்தளையின் தரத்தில் குறை சொல்ல எதுவுமில்லை. அது எந்தத் துப்பாக்கியில் சுடப்பட்டது என்பதில்தான் சிக்கல். இந்த அளவுக் கூடுகளில் பெரும்பகுதி இயந்திரத் துப்பாக்கிகளிலிருந்து வருபவை. அவற்றின் சேம்பர், வேட்டை ரைஃபிளின் சேம்பரைவிடத் தாராளமாக இருப்பதால், முதல் சுடுதலிலேயே கூடு நீண்டு, அடிப்பகுதிக்குச் சற்று மேலே சுவர் உள்ளுக்குள் மெலிந்துவிடுகிறது. நீங்கள் அதை டையில் (கூட்டின் அளவைத் திருத்தும் அச்சில்) அமுக்கிப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து மீண்டும் சுடும்போது, மெலிந்த இடத்திலேயே கூடு இரண்டாக அறுந்து, சூடான வாயு போல்ட் (சேம்பரைப் பின்னால் மூடும் பாகம்) பக்கம் பாயக்கூடும்.

இதைக் கண்டுபிடிக்க விலையுயர்ந்த கருவி தேவையில்லை. ஒரு பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி, நுனியைக் கொக்கிபோல் வளைத்து, கூட்டின் வாய்வழியாக உள்ளே விட்டு, அடியிலிருந்து மேல்நோக்கிச் சுவரை உரசியபடி இழுத்துப் பாருங்கள். அடியிலிருந்து கால் அங்குலம், அதற்குச் சற்று மேலே உள்ள பகுதியில் நுனி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறினால் அந்தக் கூடு கழிக்க வேண்டியது. வெளிப்புறத்தில் அதே உயரத்தில் பளிச்சென்று ஒரு வளையம் தெரிந்தாலும் அப்படியே. கழித்த கூட்டின் வாயைக் குறட்டால் நசுக்கிவிட்டே குப்பையில் போடுங்கள். இல்லாவிட்டால் வேறொருவர் கைக்குப் போய்விடும். தேறிய கூடுகளிலும் வேலை முடியவில்லை: பிரைமர் (மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) தளராமலிருக்க இராணுவத்தில் அதன் விளிம்பைச் சுற்றி அழுத்தியிருப்பார்கள், அந்த அழுத்தத்தைச் சீவியோ நெரித்தோ நீக்கிய பிறகுதான் புதிய பிரைமர் உட்காரும். மலிவு என்று வாங்கியதில் இத்தனை நேரமும் போகும். அப்படியும் வாங்குவதென்றால், சுத்தம் செய்யாத, அளவு திருத்தாத கூடுகளையே கேளுங்கள். மெருகேற்றி அனுப்பும் கூட்டில் நாம் பார்க்க வேண்டிய தடயங்கள் மறைந்திருக்கும்.

நண்பரின் பையை நன்றி சொல்லித் தவிர்த்துவிடுங்கள். எத்தனை முறை சுட்டது, எந்தத் துப்பாக்கியில் சுட்டது என்று யாருக்கும் தெரியாத கூடுகள் அவை. அவற்றில் அடியில் இரண்டு சிறு துளைகள் கொண்ட பெர்டான் வகையும் கலந்திருக்கும். பழைய பிரைமரைத் தள்ளி வெளியேற்றும் சாதாரண டையின் ஊசி அதில் உடைந்துபோகும். உடலில் நீளவாக்கில் கோடுகள் விழுந்த கூடுகள் ஜி3 போன்ற இராணுவ ரைஃபிள்களில் சுட்டவை. போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிளுக்காக இவற்றையெல்லாம் பொறுக்கிப் பிரிப்பது பலன் தராத உழைப்பு.

புதிய கூடுகளில் பின்லாந்தின் லப்புவா, சுவீடனின் நார்மா, அமெரிக்காவின் பீட்டர்சன், ஆல்ஃபா ஆகியவை முதல் வரிசை. லப்புவா ஒன்றுக்கு ஒரு டாலருக்கு மேல் ஆகிறது என்று தயங்குகிறீர்கள். அதன் பிரைமர் குழி எளிதில் தளராது. மிதமான மருந்தளவோடு, கழுத்தை அவ்வப்போது அனீலிங் (சூடாக்கி மென்மையாக்குதல்) செய்து வந்தால் பத்து முறைக்கு மேல் தாங்குவது வழக்கமான அனுபவம். வாங்கிய விலையைச் சுடும் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். மலிவுக் கூட்டோடு உள்ள இடைவெளி வெகுவாகக் குறைந்துவிடும். பணம் இறுக்கமாக இருந்தால் மிசூரியின் செடேலியாவில் உள்ள ஸ்டார்லைன் நிறுவனம் நேரடியாகவே விற்கிறது. 600 கஜத்துக்கு அது போதுமானது என்பதே என் கருத்து. லப்புவாவில் பால்மா என்ற பெயரில் சிறிய பிரைமருக்கான .308 கூடும் உண்டு. அதன் தீத்துளை (பிரைமரின் தீ மருந்துக்குச் செல்லும் துளை) 1.5 மில்லிமீட்டர்தான் என்பதால் மெல்லிய ஊசி தேவைப்படும். வேட்டைக்கும் சேர்த்துப் பயன்படுத்தும் உங்களுக்குப் பெரிய பிரைமர் வகையே பொருத்தம்.

நான்காவது வழி ஒன்றும் இருக்கிறது. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் விரும்பிச் சொல்வது அதுதான். ஒரே லாட்டைச் சேர்ந்த நல்ல தொழிற்சாலைத் தோட்டாக்களை வாங்கி, உங்கள் ரைஃபிளிலேயே சுட்டு, கூடுகளைச் சேர்த்து வையுங்கள். அவை உங்கள் சேம்பருக்கே படிந்தவை. அவற்றின் வரலாறும் முழுக்க உங்களுக்குத் தெரியும்.

வாங்கும் இடத்தில் ஓர் எச்சரிக்கை. தட்டுப்பாடு வரும்போதெல்லாம் பாதி விலைக்குத் தருவதாகப் போலிக் கடைத் தளங்கள் முளைக்கின்றன. மிட்வேயுஎஸ்ஏ, பிரவுனெல்ஸ் போன்ற நெடுநாள் கடைகளிலோ தயாரிப்பாளரிடமோ, கடன் அட்டை வழியே மட்டும் வாங்குங்கள். பெட்டி வந்ததும் லாட் எண் ஒன்றுதானா என்று பாருங்கள். கழுத்தில் நீலமும் மஞ்சளுமாக நிறம் ஓடியிருந்தால் அது குறையல்ல. அனீலிங் செய்த தடம் அது, பல நிறுவனங்கள் மெருகேற்றி மறைத்துவிடுகின்றன. நீளம் 2.015 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. வாய் நசுங்கிய கூடுகளை டையில் ஒருமுறை விட்டுத் திருத்தலாம்.

சுத்தம் செய்ய அம்மோனியா கலந்த பித்தளை பாலிஷைத் தொடாதீர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் இந்தியாவில், மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்திருந்த தோட்டாக்களின் கூடுகள் தாமாகவே வெடிப்பு விட்டன; குதிரைச் சிறுநீரிலிருந்து எழுந்த அம்மோனியாவே காரணம் என்று பின்னர் தெரியவந்தது.

இறுதியாக, ஊருக்கு வரும்போது பயணப் பையை ஒருமுறை உதறிப் பாருங்கள். இந்தியாவின் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் தோட்டாவின் பாகங்களையும் தோட்டா என்றே வரையறுக்கிறது. மறந்துபோன காலிக் கூடு ஒன்றுகூட விமான நிலையத்தில் உங்களை நிறுத்திவைக்கப் போதும்.