தொந்தரவு தராத தம்பியை முதலில் காட்டுங்கள்

கேள்வி: மண்டபம் பக்கத்தில் இருக்கிறோம். கணவர் விசைப்படகில் போகிறார். மகளுக்கு 5 வயது. போன் தராவிட்டால் தரையில் புரண்டு அழுகிறாள், கையில் கிடைத்ததை வீசுகிறாள், தம்பியை அடிக்கிறாள். ஸ்கூலில் மட்டும் சமர்த்தாக இருக்கிறாளாம். தெரபிக்கு மதுரை கூட்டிப் போ என்கிறார்கள் அக்கம்பக்கத்தில். மீன்பிடித் தடைக்காலத்தில் போகலாம் என்கிறார் கணவர். அதுவரை அவளை எப்படிச் சமாளிப்பது? மகனுக்கு 2 வயது 4 மாதம். அவனால் ஒரு தொந்தரவும் இல்லை. பாட்டில் மூடியைச் சுழற்றிக்கொண்டு தனியாகவே விளையாடுவான். பேச்சு மட்டும் வரவில்லை. வசம்பு தேய்த்தோம், ஏர்வாடியில் ஓதியும் பார்த்தோம். அவன் அப்பாவும் மெதுவாகத்தான் பேசினார் என்கிறார் மாமியார்.

பதில்: கடிதத்தில் பெரும்பகுதி மகளைப் பற்றியது. எனக்குக் கவலை தருவது மகனைப் பற்றி எழுதிய சில வரிகள்தான்.

பெரியவளை முதலில் பார்த்துவிடுவோம். வீட்டில் ஆட்டம், ஸ்கூலில் சமர்த்து என்றால் தன்னை அடக்கிக்கொள்ள அவளுக்குத் தெரிகிறது. அழுதால் போன் வரும் என்பதும் தெரிந்திருக்கிறது. அழுது முடியும்வரை பக்கத்தில் இருங்கள், போனை மட்டும் தராதீர்கள். நீங்கள் மறுத்ததை மாமியார் எடுத்துக் கொடுத்தால் எல்லாம் வீண். முதல் சில நாள் அழுகை கூடத்தான் செய்யும். தம்பியை அடிக்க வந்தால் கையைப் பிடித்து நிறுத்துங்கள், திருப்பி அடிக்க வேண்டாம். ஸ்கூலிலும் இதே புகார் வந்தாலோ, தன்னையே கடித்துக்கொண்டாலோ, தூக்கம் கெட்டு, நின்றுபோன படுக்கை ஈரம் திரும்ப ஆரம்பித்தாலோ அவளையும் காட்டுங்கள். இப்போதைக்கு அவளுக்காக மதுரை போக வேண்டியதில்லை.

சரி, தம்பிக்கு வருவோம். 2 வயதில் ‘அப்பா வா’, ‘பால் தா’ என்று இரண்டு சொல்லைச் சேர்த்துப் பேச வேண்டும். ஆனால் சொற்களை எண்ணுவதற்கு முன் நான் பார்ப்பது வேறு. பாம்பன் பாலத்தில் ரயில் போனால் விரல் நீட்டிக் காட்டிவிட்டு, நீங்களும் பார்க்கிறீர்களா என்று உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்க்கிறானா? இது ஒன்றரை வயதுக்குள் வந்திருக்க வேண்டும். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறானா? அது 1 வயதிலேயே வர வேண்டியது. டாட்டா காட்டுகிறானா? வேண்டியதைச் சுட்டிக் கேட்கிறானா, இல்லை உங்கள் கையைப் பிடித்து இழுத்துப் போய் அந்தப் பொருள் மேல் வைக்கிறானா?

பேச்சு தாமதமாகும் பிள்ளைகளில் பலர் கையாலும் கண்ணாலும் வீட்டையே வேலை வாங்கிவிடுவார்கள். அவர்களில் நிறையப் பேர் பிறகு பேசிவிடுகிறார்கள். உங்கள் கணவர் அப்படிப்பட்டவராக இருந்திருக்கலாம். பேசாத காலத்தில் அவர் விரல் நீட்டிக் காட்டினாரா என்று மாமியாரிடம் கேட்டுப் பாருங்கள். மகனிடம் அதுவும் இல்லையென்றால் அப்பாவோடு ஒப்பிட்டு ஆறுதல் அடைய முடியாது. இன்னொன்று: முன்பு பேசிய நாலு சொல் நின்றுபோயிருந்தால் எந்த வயதானாலும் உடனே காட்ட வேண்டும்.

முதல் பரிசோதனை காதுக்கு. படகு என்ஜின் சத்தத்துக்குத் திரும்புகிறானே என்பீர்கள். பெரிய சத்தம் கேட்டும் பேச்சின் மெல்லிய ஒலிகள் கேட்காத பிள்ளைகள் உண்டு. சொந்தத்தில் கட்டியிருந்தால் இந்தப் பரிசோதனையைத் தவறவே விடாதீர்கள். கேட்கவில்லை என்று தெரிந்தாலும் வழி இருக்கிறது. தேவைப்படும் பிள்ளைகளுக்கு, ஒலி கேட்க உதவும் காக்ளியர் கருவியை உள்காதில் பொருத்தும் அறுவை சிகிச்சை முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் உண்டு. அதற்கு 6 வயதுக்குள் இருக்க வேண்டும், ஆகவே அங்கேயும் நாள் கடத்தக் கூடாது.

வசம்பால் பேச்சு வராது. நாக்குக்கு அடியில் இருக்கும் தோலை வெட்டச் சொல்வோரும் உண்டு, அந்தத் தோல் பேச்சைத் தாமதப்படுத்துவதில்லை. ஏர்வாடி போவது உங்கள் நம்பிக்கை, அதில் எனக்குச் சொல்ல எதுவுமில்லை. அதை முடித்துவிட்டு ஆஸ்பத்திரி போகலாம் என்று தள்ளிப்போடுவதுதான் கூடாது.

மூடியைச் சுழற்றுகிறான் என்பதை மட்டும் வைத்து ஆட்டிசம் என்று நான் சொல்ல மாட்டேன். நேரில் பார்க்கிற மருத்துவர் சொல்லட்டும். ஆனால் தெரபி ஆரம்பிக்க நோயின் பெயர் தெரியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. பேச்சு பின்தங்கியிருக்கிறது என்பதே போதும். ஐப்பசியில் எழுதுகிறீர்கள். தடைக்காலம் ஏப்ரல் 15இல்தான் தொடங்கும். மூளை வேகமாக வளர்கிற இந்த வயதில் ஆறு மாதத்தை விட முடியாது.

மதுரைக்கு முன்னால் ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவுக்குப் போங்கள். டி.இ.ஐ.சி. எங்கே என்று கேளுங்கள். பிறந்தது முதல் 18 வயதுவரை வளர்ச்சிக் குறைபாடுகளைப் பார்ப்பதற்காக மாவட்ட அளவில் அரசு வைத்திருக்கும் மையம் அது, கட்டணம் கிடையாது. பால்வாடிக்கு ஆண்டுக்கு இருமுறை வரும் மருத்துவக் குழுவும் அங்கே அனுப்பிவைக்கும். அந்தக் குழு வரட்டும் என்று காத்திராமல் நீங்களே போகலாம்.

தெரபிஸ்ட் வாரத்தில் சில மணி நேரம்தான் பார்ப்பார். மிச்ச நேரமெல்லாம் உங்களுடையது. அவனுக்குப் போன் வேண்டாம், அக்காவுக்கு நிறுத்தும்போதே இவனுக்கும் நிறுத்திவிடுங்கள். தரையில் அவன் முகத்துக்கு நேரே உட்கார்ந்து நீங்களும் ஒரு மூடியைச் சுழற்றுங்கள். அவனுக்கு வேண்டிய மூடியை உங்கள் கண் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, அவன் பார்க்கும்வரை சில நொடி பொறுங்கள். பார்த்ததும் ‘மூடி’ என்று சொல்லிக் கொடுத்துவிடுங்கள். மீன் அலசும்போது பக்கத்தில் உட்காரவைத்து ‘நண்டு’, ‘மீன்’, ‘தண்ணி’ என்று ஒற்றைச் சொல்லாகப் பேசுங்கள். அப்பா கரையில் இருக்கும் நாட்களில் அவரும் இதையே செய்யட்டும். அக்காவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தம்பிக்குச் சொல்லிக்கொடுக்கும் டீச்சர் வேலை கிடைத்தால் அவள் ஆட்டமும் கொஞ்சம் அடங்கும்.

போவதற்கு முன் அவன் விளையாடுவதை, நீங்கள் கூப்பிடும்போது என்ன செய்கிறான் என்பதை, அவனுக்குத் தெரியாமல் வீடியோ எடுத்து வையுங்கள். புது இடத்தில் மிரண்டு அழும் பிள்ளையை மட்டும் பார்த்து மருத்துவரால் எல்லாவற்றையும் கணிக்க முடியாது. தடுப்பூசி அட்டையையும் பிரசவ ஆஸ்பத்திரிச் சீட்டையும் மறக்காமல் எடுத்துப் போங்கள்.