கேள்வி – பதில்: கணிப்பில் முந்தும் வெளியாள்

அமெரிக்க அதிபர் தேர்தலின் உட்கட்சிப் போட்டி குறித்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகள் மேசையில் நிறையச் சேர்ந்துவிட்டன. அவற்றில் பெரும்பாலானவை ஒரே முடிச்சைச் சுற்றி வருவதால், இந்த இதழில் அவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: கட்சியில் எந்தப் பொறுப்பும் வகிக்காத ஒருவர், வாக்குப்பதிவுக்குப் பல மாதங்களுக்கு முன்பே கருத்துக் கணிப்புகளில் முதலிடத்துக்கு வந்துவிடுகிறாரே, அது எப்படி? – வாசகர், தஞ்சாவூர்

பதில்: நம் நாட்டில் வேட்பாளர் யார் என்பதைக் கட்சித் தலைமை அறிவிக்கிறது, தொண்டர் அதைச் செய்தியாகத் தெரிந்துகொள்கிறார். அமெரிக்காவிலும் ஒரு காலத்தில் ஏறத்தாழ இதே நிலைதான் இருந்தது. 1968-இல் ஜனநாயகக் கட்சியின் ஹூபர்ட் ஹம்ஃப்ரி பிரைமரி எனப்படும், வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க வாக்காளர்களே வாக்களிக்கும் உட்கட்சித் தேர்தல் ஒன்றிலும் போட்டியிடாமலேயே சிகாகோ மாநாட்டில் அதிபர் வேட்பாளர் ஆனார். மண்டபத்துக்கு உள்ளேயும் வெளியேயும் அப்போது வெடித்த கொந்தளிப்புக்குப் பிறகு விதிகள் திருத்தி எழுதப்பட்டன. 1972 முதல், மாநிலம் மாநிலமாக நடக்கும் பிரைமரிகளிலும் காகஸ் எனப்படும் வாக்காளர் கூட்டங்களிலும் கிடைக்கும் பேராளர்களின் (கட்சி மாநாட்டில் வேட்பாளருக்கு வாக்களிக்கும் பிரதிநிதிகளின்) எண்ணிக்கையே வேட்பாளரைத் தீர்மானிக்கிறது. வாயிற்காவலர் நகர்ந்துவிட்ட வாசல் வழியாக யார் வேண்டுமானாலும் உள்ளே வரலாம் என்ற நிலை அப்படித்தான் உருவானது.

இனி, கணிப்பின் கதைக்கு வருவோம். வாக்களிக்கப் பல மாதங்கள் இருக்கும்போது தொலைபேசியில் அழைத்து, “இன்றே தேர்தல் நடந்தால் இவர்களில் யாருக்கு உங்கள் வாக்கு?” என்று ஒரு நீண்ட பட்டியலைப் படித்தால், பதில் சொல்பவருக்கு அந்தப் பட்டியலில் பாதிப் பேரைத் தெரிந்திருக்காது. அந்த வாரம் காதில் அடிக்கடி விழுந்த பெயரை அவர் சொல்லிவிடுகிறார். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் இன்னும் முடிவும் செய்யவில்லை. பத்துப் பதினைந்து பேர் நிற்கும் களத்தில் ஐந்தில் ஒருவர் இப்படிச் சொன்னாலே போதும், அந்த மனிதர் ‘முன்னணி வேட்பாளர்’ ஆகிவிடுவார். அவரை விரும்பாத மீதி நான்கு பேரைப் பற்றித் தலைப்புச் செய்தி எதுவும் வருவதில்லை.

கேள்வி: 2015-இல் டொனால்ட் டிரம்ப் முதலிடத்துக்கு வந்தபோது வல்லுநர்கள் எல்லோரும் சிரித்தார்கள். தாங்களும் அவர்களில் ஒருவர்தானே? – வாசகர், கோயம்புத்தூர்

பதில்: ஆம், நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்தான். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும், புரட்டாசி வந்தால் எல்லாம் அதனதன் இடத்தில் உட்கார்ந்துவிடும் என்று நண்பர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். 2015 ஜூன் 16 அன்று நியூயார்க்கில் தம்முடைய கட்டடத்தின் நகரும் படிக்கட்டில் இறங்கி வந்து போட்டியை அறிவித்த டிரம்ப், ஜூலை பிற்பகுதிக்குள் தேசியக் கணிப்புகளில் முதலிடத்துக்கு வந்துவிட்டார். அதே மாதத்தில் ஒரு பெரிய அமெரிக்கச் செய்தி இணையதளம், அவரைப் பற்றிய செய்திகளை அரசியல் பகுதியிலிருந்து எடுத்துப் பொழுதுபோக்குப் பகுதியில் போடப்போவதாக அறிவித்தது. அப்படி நினைக்க ஒரு நியாயமும் இல்லாமல் இல்லை: 2011 ஏப்ரலிலும் இதே டிரம்ப் சில கணிப்புகளில் முதலிடம் பிடித்து, அடுத்த மாதமே போட்டியிடப் போவதில்லை என்று ஒதுங்கிக்கொண்டவர்.

ஆனால் இரண்டு ஏற்றங்களும் ஒரே ரகம் அல்ல என்பதற்கான அடையாளம் ஜூலை நடுவிலேயே தெரிந்தது, நாங்கள்தான் கவனிக்கவில்லை. வியட்நாமில் ஐந்தாண்டுக்கும் மேலாகப் போர்க்கைதியாக இருந்த செனட்டர் ஜான் மெக்கெய்ன் போர் வீரரா என்பதையே கேள்விக்குள்ளாக்கி, அயோவா மாநிலத்தில் ஒரு மேடையில் டிரம்ப் ஏளனமாகப் பேசினார். இத்துடன் கதை முடிந்தது என்று கட்சிப் பெரியவர்கள் சொன்னார்கள். கணிப்பு எண் அசையவில்லை. பெயர் காதில் விழுந்ததால் மட்டும் வந்த ஆதரவாக இருந்திருந்தால் முதல் அடியிலேயே அது உதிர்ந்திருக்க வேண்டும். குடியேற்றம், வெளிநாட்டு வணிக ஒப்பந்தங்கள் ஆகியவற்றில் குடியரசுக் கட்சியின் தலைமை ஒரு திசையிலும் அதன் வாக்காளர்களில் பெரும்பகுதியினர் வேறு திசையிலும் நின்றுகொண்டிருந்த இடைவெளியில்தான் அவர் கால் ஊன்றியிருந்தார்; அந்த இடத்தில் வேறு யாரும் நிற்கவில்லை.

இதற்குமேல், எதிராளிகளின் கணக்குத் தவறும் அவருக்கு உதவியது. களத்தில் 17 பேர் இருந்தார்கள். டிரம்ப் தானாகவே சரிந்துவிடுவார், அப்போது அவருடைய வாக்காளர்களை நாம் அள்ளிக்கொள்ளலாம் என்று ஒவ்வொருவரும் நினைத்ததால், அவரைத் தாக்குவதை விட்டுவிட்டு ஒருவரையொருவர் தாக்கிக்கொண்டார்கள். அந்த 17 பேரில் ஒருவரான ஜெப் புஷ்ஷுக்கு ஆதரவாகத் தனியே நிதி திரட்டிய குழு 10 கோடி டாலருக்கும் மேல் வைத்திருந்தது. அதில் பெருந்தொகை இன்னொரு போட்டியாளரான மார்கோ ரூபியோவைத் தாக்கும் விளம்பரங்களுக்கே போயிற்று. குடியரசுக் கட்சியின் பேராளர் பங்கீட்டு விதிகளும் முன்னணியில் இருப்பவருக்குச் சாதகமானவை. 2016 பிப்ரவரி 20 அன்று தென் கரோலினாவில் டிரம்ப் பெற்ற வாக்கு 32.5 சதவீதம்தான், ஆனால் அந்த மாநிலத்தின் 50 பேராளர்களும் அவருக்கே கிடைத்தார்கள். மூன்றில் இரண்டு பங்கு வாக்காளர்கள் வேறு பெயர்களைத் தேர்ந்தெடுத்திருந்தாலும், அந்த வாக்குகள் ஐந்து பேரிடம் சிதறிக் கிடந்தன. ஜனநாயகக் கட்சியில் 15 சதவீதத்தைத் தாண்டுகிற எல்லோருக்கும் விகிதப்படி பேராளர்கள் பிரித்துத் தரப்படுவதால், இதே வித்தை அங்கே இவ்வளவு எளிதாகப் பலிக்காது.

கேள்வி: அப்படியானால் கணிப்பில் முந்துகிற வெளியாள் எல்லோரும் வென்றுவிடுகிறார்களா? – கல்லூரி மாணவி, மதுரை

பதில்: இல்லை, பெரும்பாலோர் வெல்வதில்லை. 2012 தேர்தலுக்கு முந்தைய ஆண்டான 2011-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். முன்னணிப் போட்டியாளரான மிட் ராம்னி மீது குடியரசுக் கட்சியினருக்குப் பெரிய ஈர்ப்பு இல்லாததால், அந்த ஆண்டு முழுவதும் அவர்கள் மாற்று ஒருவரைத் தேடிக்கொண்டே இருந்தார்கள். கோடையில் மிஷெல் பாக்மன், அவருக்குப் பின் டெக்சஸ் ஆளுநர் ரிக் பெர்ரி, அக்டோபரில் பீட்சா நிறுவனத் தலைவராக இருந்த ஹெர்மன் கெய்ன், பிறகு நியூட் கிங்ரிச், கடைசியில் ரிக் சாண்டோரம் என்று, கோயில் திருவிழாவில் ஒவ்வொரு நாளும் ஒரு வாகனம் புறப்படுவதைப் போல, ஒவ்வொருவராக மேலே வந்தார்கள்.

இவர்களில் மெய்யான வெளியாள் கெய்ன் மட்டுமே. தேர்தலில் வென்று எந்தப் பதவியையும் வகித்ததில்லை. வணிக வரி, வருமான வரி, விற்பனை வரி மூன்றும் 9 சதவீதம் என்ற அவருடைய ‘9-9-9’ திட்டம் ஒரு தடவை கேட்டாலே மனத்தில் நின்றுவிடும். ஆனால் முன்னணிக்கு வந்தவுடன் பத்திரிகைகளின் பூதக்கண்ணாடியும் அவர்மேல் வந்து விழுந்தது. பெண்களிடம் தவறாக நடந்துகொண்டதாகக் குற்றச்சாட்டுகள் வெளிவந்தன. அவர் அவற்றை மறுத்தார். லிபியா பற்றிய ஒரு சாதாரணக் கேள்விக்கு அவர் நெடுநேரம் தடுமாறியதைக் காணொளியில் நாடே பார்த்தது. 2011 டிசம்பர் 3 அன்று, ஒரு வாக்குகூடப் பதிவாவதற்கு முன்பே, அவர் பிரச்சாரத்தை நிறுத்திக்கொண்டார். ராம்னிதான் கடைசியில் வேட்பாளர் ஆனார்.

கேள்வி: விவேக் ராமசாமி 2023-இல் வேகமாக முன்னேறியபோது, தமிழ் பேசுகிற ஒருவர் வெள்ளை மாளிகைக்குப் போகப்போகிறார் என்று எங்கள் குடும்பக் குழுவில் தினமும் செய்தி வந்தது. எங்கே தவறியது? – வாசகி, பாலக்காடு

பதில்: தங்கள் ஊர்ப் பக்கத்துப் பெருமைதான் அது, அவருடைய பெற்றோர் பாலக்காடு மாவட்டத்து வடக்கஞ்சேரியிலிருந்து சென்றவர்கள். மருந்து நிறுவனம் தொடங்கிச் செல்வரான அவர், 2023 பிப்ரவரியில் போட்டியை அறிவித்தபோது கட்சிக்காரர்களில் பலருக்கு அவருடைய பெயரை உச்சரிக்கவும் வராது. ஆகஸ்டுக்குள் தேசியக் கணிப்புகளில் மூன்றாமிடத்துக்கு வந்தார். அந்த மாதம் 23-ஆம் தேதி மில்வாக்கியில் நடந்த முதல் விவாதத்தில் டிரம்ப் கலந்துகொள்ளாததால், மேடையில் எல்லோருடைய கணைகளும் இவரை நோக்கியே பாய்ந்தன.

உண்மையில் தவறு என்று சொல்ல அதிகம் இல்லை. டிரம்பைக் குறை சொல்லாமல் டிரம்ப்பின் வாக்காளர்களையே கேட்டார். உண்மையான சரக்கு கடையில் இருக்கும்போது அதே மாதிரி இன்னொன்றை எதற்காக வாங்குவார்கள்? அயோவாவின் 99 மாவட்டங்களுக்கும் சென்று அலைந்தும், 2024 ஜனவரி 15 அன்று நடந்த காகஸில் 7.7 சதவீதத்துடன் நான்காமிடமே கிடைத்தது. டிரம்ப் 51 சதவீதம் பெற்றார். அன்று இரவே விலகி, டிரம்ப்புக்கு ஆதரவு தெரிவித்தார். குடும்பக் குழுக்களில் வரும் செய்தியைக் கருத்துக் கணிப்பாகக் கொள்ள வேண்டாம் என்பதைத் தனியே சொல்ல வேண்டியதில்லை.

கேள்வி: கணிப்பில் இடமே இல்லாமல் இருந்து வென்றவர் யாராவது உண்டா? – ஓய்வுபெற்ற ஆசிரியர், திருநெல்வேலி

பதில்: எனக்கு மிகவும் பிடித்த கதையைக் கேட்டுவிட்டீர்கள். ஜார்ஜியாவின் ஆளுநராக இருந்த ஜிம்மி கார்ட்டர் 1974 டிசம்பரில் போட்டியை அறிவித்தபோது, “ஜிம்மியா, யார் அது?” என்பதே நாட்டின் பதிலாக இருந்தது. (அங்கே ஆளுநர் மக்களால் தேர்ந்தெடுக்கப்படுபவர், நம் முதலமைச்சருக்கு ஒப்பானவர்.) தேசியக் கணிப்புகளில் அவர் பெயர் ஏறத்தாழ இல்லவே இல்லை. வேர்க்கடலை விவசாயியான அவர், அயோவாவில் வீடு வீடாகப் போனார். விடுதிக்குச் செலவழிக்காமல் ஆதரவாளர்களின் வீடுகளிலேயே தங்கினார். 1976 ஜனவரி 19 அன்று அங்கே அவருக்குக் கிடைத்தது சுமார் 28 சதவீதம். அதைவிட அதிகமானோர், ஏறக்குறைய 37 சதவீதம் பேர், ‘யாருக்கும் ஆதரவில்லை’ என்ற பக்கம் நின்றார்கள்! ஆனாலும் ஆட்களில் அவரே முதல்வர் என்பதால், மறுநாள் செய்தித்தாள்கள் அவரையே வெற்றியாளர் ஆக்கின. அடுத்த மாதம் நியூ ஹாம்ப்ஷயரிலும் வென்றார். அதுவரை கணிப்பில் இல்லாத பெயர் அதன் பிறகு கணிப்பின் உச்சியில் ஏறியது. டிரம்ப்புக்குக் கணிப்பு முதலில் வந்தது, வாக்கு பிறகு வந்தது. கார்ட்டருக்கு எல்லாம் தலைகீழ்.

கேள்வி: கணிப்பைப் பொருட்படுத்தாமல் விட்டுவிடலாமே? – வாசகர், திருச்சி

பதில்: வேட்பாளர்களால் அப்படி விட முடியாது, ஏனென்றால் விவாத மேடையில் நாற்காலி போடுவது கணிப்புதான். 2015 ஆகஸ்ட் 6 அன்று கிளீவ்லாந்தில் நடந்த முதல் விவாதத்துக்கு, ஐந்து தேசியக் கணிப்புகளின் சராசரியில் முதல் பத்துப் பேருக்கு மட்டும் இடம் என்று தொலைக்காட்சி நிறுவனம் விதித்தது. பத்தாவது இடம் ஒஹையோ ஆளுநர் ஜான் கேசிக்குக் கிடைத்தது. 14 ஆண்டுகள் டெக்சஸை ஆண்ட ரிக் பெர்ரி ஓரிரு சதவீத வித்தியாசத்தில் பதினோராவது ஆகி, குறைவானோரே பார்த்த மாலை நேர விவாதத்துக்கு அனுப்பப்பட்டார். சில நூறு பேரிடம் கேட்டு எடுக்கிற கணிப்பில் 2 சதவீதமும் 3 சதவீதமும் பிழை வரம்புக்குள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருப்பவை. பெர்ரி செப்டம்பரிலேயே முதல் ஆளாக விலகினார். கேசிக் அடுத்த ஆண்டு மே வரை களத்தில் நின்றார்.

கேள்வி: 2028-க்கான கணிப்புகள் இப்போதே வரத் தொடங்கிவிட்டனவே, யார் பெயரைச் சொல்வீர்கள்? – வாசகர், சேலம்

பதில்: 2007-இல் நியூயார்க் முன்னாள் மேயர் ரூடி ஜூலியானி குடியரசுக் கட்சியின் தேசியக் கணிப்புகளில் ஆண்டின் பெரும்பகுதி முதலிடத்தில் இருந்தார். 2008 ஜனவரி 29 அன்று ஃபுளோரிடாவில் மூன்றாமிடம் பெற்று மறுநாளே விலகினார். ஆகவே தங்கள் கேள்வியை நான் பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறேன். அதே கேள்வியை 2028 பிப்ரவரியில் மீண்டும் அனுப்புங்கள்.