45 வயதுக்கு மேல் தனியாக நெடும்பயணம் போனால் நம்மை நாமே அறிந்துகொள்ளலாம் என்கிறார்களே, உண்மையா?

அறிந்துகொள்ளலாம். தனியாகப் போனால் முடியுமா என்பதில்தான் எனக்குச் சந்தேகம்.

கேள்வியைப் படித்ததுமே உங்கள் நிலைமை புரிந்துவிட்டது. பிள்ளைகள் கல்லூரிக்குப் போய்விட்டார்கள். அலுவலகத்தில் உங்களைவிடப் பதினைந்து வயது இளையவர் மேலாளராக வந்துவிட்டார். இரவெல்லாம் லடாக்குக்கு பைக்கில் போகிறவர்களின் காணொளிகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். நானும் பார்த்தவன்தான். கர்துங்லா கணவாய் 17,500 அடிக்கு மேல் என்பது எனக்கு மனப்பாடம். லடாக் போகிறவர்களை மட்டம் தட்டுகிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். தாராளமாகப் போய் வாருங்கள். நான் போனது சென்னையிலிருந்து திருச்செந்தூர்ப் பக்கம், 600 கிலோமீட்டரும் சொச்சமும். பைக்கும் இல்லை, தனிமையும் இல்லை. ஒரு பழைய கார், 76 வயது அம்மா, பத்து வருடமாக என்னோடு பேசாத தம்பி.

2024 பங்குனி. எங்கள் குலதெய்வம் தேரிக்காட்டுக்குள் இருக்கும் ஓர் அய்யனார். பங்குனி உத்திரத்துக்கு எங்கள் பக்கத்து ஆட்கள் எந்த ஊரில் பிழைத்தாலும் சாஸ்தா கோயிலுக்கு வந்துவிடுவார்கள். (உடனே மூடநம்பிக்கை என்று எழுதக் கை பரபரக்கும் சிலருக்கு. நான் பெரிய பக்திமான் இல்லை. அம்மா கூப்பிட்டார், போனேன்.) "இரண்டு பேரும் ஒரே வண்டியில் வந்தால் நானும் வருகிறேன். இல்லையென்றால் என்னைத் தூக்குகிற அன்றைக்குச் சேர்ந்து வாருங்கள்" என்று சொல்லிவிட்டார். இதற்கு மேல் என்ன பேசுவது?

நான் ஓட்டினேன். முழங்கால் வலிக்காக அம்மா முன்சீட்டில், தம்பி பின்னால். பேச்செல்லாம் அம்மா வழியாகத்தான். "அம்மா, ஏசியைக் குறைக்கச் சொல்." "அம்மா, குளிர்ந்தால் துண்டைப் போர்த்திக்கொள்ளச் சொல்." விழுப்புரம் தாண்டும்வரை அம்மா இரண்டு பக்கமும் தலையைத் திருப்பிக்கொண்டே வந்தார், கழுத்து பிடித்துக்கொண்டது.

இடையில் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. அந்த நெடுஞ்சாலையில் இரண்டு மைலுக்கு ஒரு 'கும்பகோணம் டிகிரி காபி' பலகை இருக்கிறதே, இவற்றை யார் கேட்பது? பளபளவென்று டவரா வைத்தால் டிகிரி காபி ஆகிவிடுமா? நான் பலசரக்குக் கடைக்காரர் மகன். காபித்தூளில் சிக்கரி எவ்வளவு என்று முகர்ந்தே சொல்வேன். கலவையில் காபி 51 சதவீதமாவது இருக்க வேண்டும் என்பது சட்டம். நாங்கள் குடித்த அந்தக் கஷாயத்தில் அது இருந்திருந்தால் என் காதை அறுத்துக்கொள்கிறேன். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

திருச்சிக்கு முன்னால் அம்மா தூங்கிவிட்டார். மொழிபெயர்ப்பாளர் தூங்கியதும் வண்டிக்குள் சத்தம் நின்றது. புறவழிச்சாலையில் பாலத்தின் கீழே இறங்கி எங்கேயோ தப்பாகத் திரும்பியிருக்கிறேன். தம்பிக்குத் தெரிந்திருக்கிறது, வாயைத் திறக்கவில்லை. துவாக்குடி வந்த பிறகு அம்மாவை மெல்லத் தட்டி எழுப்பினான். "அம்மா, தஞ்சாவூர்ப் பெரிய கோயிலையும் பார்த்துவிட்டுத்தான் போகிறோமா என்று கேள்." எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மீசைக்குள்ளேயே அடக்கிக்கொண்டு வண்டியைத் திருப்பினேன்.

திருச்செந்தூரில் இரவு தங்கிவிட்டு மறுநாள் காலை கிளம்பினோம். கோயிலுக்கு நல்ல தார்ச்சாலை இருக்கிறது. தேர்க்கூட்டம் போல வண்டிகள் நின்றதால், கைபேசி வரைபடம் காட்டிய குறுக்கு வழியில் நான் விட்டேன். தேரியைப் பார்க்காதவர்களுக்காக: அது செக்கச்செவேலென்ற மணற்காடு. இரும்புச் சத்து கலந்த மணல், காற்று கொண்டுவந்து குவித்தது. மாவு மாதிரி இருக்கும். முன்சக்கரங்கள் இறங்கின. நான் ஆக்சிலேட்டரை அழுத்தினேன். இன்னும் இறங்கின. இன்னும் அழுத்தினேன்.

"மிதிக்காதே அண்ணே!"

பத்து வருடத்தில் என்னிடம் அவன் நேராகச் சொன்ன முதல் வார்த்தை அது. அம்மா திரும்பிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை, கைப்பையிலிருந்து வெற்றிலையை எடுத்துக் காம்பு கிள்ள ஆரம்பித்தார்.

தம்பி சாவி நுனியால் டயர்களில் காற்றை இறக்கினான். காய்ந்து விழுந்த பனையோலைகளை இழுத்து வந்து சக்கரத்துக்கு அடியில் சொருகினோம். செருப்பைத் தாண்டிச் சூடு ஏறியது. இரண்டு தொந்திக்காரர்கள் குதித்துக் குதித்து ஓலை சுமந்த காட்சியை அய்யனார் ரசித்திருப்பார். வண்டி ஒரு முழம் நகர்ந்து மறுபடி புதைந்தது. அந்த வழியாகப் பதநீர் கொண்டுபோன ஒருவர் எங்களைப் பார்த்துப் பரிதாபப்பட்டு, பட்டை மடித்து ஊற்றிக் கொடுத்தார். டிராக்டருக்கும் ஆள் சொல்லி அனுப்பினார்.

குடித்து முடித்ததும் காசு கொடுத்தேன். கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது. சின்ன டைரி, பிள்ளையார் சுழி, 'பதநீர் - 120'. தணிக்கை அலுவலகத்தில் வேலை. எழுதாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

தம்பி பார்த்துக்கொண்டே இருந்தான். "அப்பா மாதிரியே எழுதுகிறாய்" என்றான். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. "ஆனால் அப்பா கேட்டதில்லை அண்ணே."

எங்கள் சண்டையின் கதையை இங்கே சொல்லியாக வேண்டும். 2014இல் அப்பா இறந்தபோது பதினாறாம் நாள் வரைக்குமான செலவை மூன்று பக்கம் தட்டச்சு செய்து, இரண்டாகப் பிரித்து, பதிவுத் தபாலில் தம்பிக்கு அனுப்பினேன். ஒப்புகை அட்டையோடு. அவன் தன் பாதியை அல்ல, முழுத் தொகைக்கும் காசோலை அனுப்பிவிட்டுப் பேச்சை நிறுத்திக்கொண்டான். திமிர் என்று நினைத்தேன். கணக்கில் தப்பு இல்லையே, பாதிக்குப் பாதி நியாயம்தானே என்று இப்போதும் சிலர் கேட்பீர்கள். நானும் பத்து வருடம் அதையேதான் கேட்டேன்.

"அப்பாவுக்குப் போர்த்திய கோடி வேட்டிக்கும் பாதி போட்டிருந்தாய்" என்றான், டயரைப் பார்த்தபடி.

கடைப் பேரேட்டில் அப்பா எல்லாவற்றையும் எழுதுவார். 'பெரியவன் - கமர்கட் 10 காசு' என்றுகூட எழுதியிருப்பார். அந்த நோட்டுகளைப் பார்த்துத்தான் நான் கணக்கே படித்தேன். அந்த வரிகளுக்கு நேரே வரவுக் கட்டம் கடைசிவரை காலியாகவே இருந்ததை மட்டும் கவனிக்கவில்லை. 49 வயதில், பனைமரத்து நிழலில், அதுவும் கால்பங்கு உடம்புக்குத்தான் கிடைத்த நிழல், எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. "போட்டிருக்கக் கூடாது" என்றேன். அவ்வளவுதான் வந்தது. அவன் மறுபடி ஓலை பொறுக்கப் போய்விட்டான்.

டிராக்டர்காரர் எண்ணூறு ரூபாய் கேட்டார். இரண்டு பேரும் பர்ஸை எடுப்பதற்குள் அம்மா சுருக்குப் பையை அவிழ்த்துக் கொடுத்துவிட்டார்.

திரும்பி வரும்போது பாதி தூரம் தம்பி ஓட்டினான். எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத மாட்டேன். கடை விற்ற விவகாரம் ஒன்று அப்படியே கிடக்கிறது, அதை எடுத்தால் இன்றைக்கும் குரல் உயரும். காரின் தரைவிரிப்பை உதறினால் இன்னமும் சிவப்பு மண் உதிர்கிறது. போன வாரம் கழுவக் கொடுத்தபோது மணலுக்காக இருநூறு ரூபாய் கூடுதலாக வாங்கினார்கள். தம்பிக்குத் தகவல் அனுப்பிப் பாதி கேட்டேன்.

"எழுதி வைத்துக்கொள்" என்று பதில் வந்தது.