குவாண்டம் கணினி: எந்த வன்பொருள், எந்தக் கம்பைலர்?

வவுனியா மாணவர்: அண்ணா, ஐபிஎம் 2023இல் காட்டிய கொண்டர் சில்லில் 1121 கியூபிட், அதாவது குவாண்டம் தகவல் அலகு. குவான்டினியம் நிறுவனத்தின் எச்2 இயந்திரத்தில் 56தான். பிறகு ஏன் இரண்டையும் ஒப்பிடுகிறார்கள்?

பதில்: தம்பி, எண்ணிக்கையை விடுங்கள். எந்தக் கியூபிட் எதனோடு நேரே சேரும் என்று பாருங்கள். கொண்டர் மீக்கடத்திச் சில்லு, அதாவது மின்தடையே இல்லாமல் மின்னோட்டம் பாயும் பொருளால் ஆனது. அதன் அறுகோண வலையில் ஒரு கியூபிட்டுக்கு மிஞ்சினால் மூன்று அயல்தான். வேலிக்கு மேலால் பக்கத்து வளவோடு மட்டும் கதைக்கிற மாதிரி. தூரத்தில் உள்ள இரண்டைச் சேர்க்கக் கம்பைலர் (நிரலை இயந்திரத்துக்கு ஏற்ப மாற்றும் மென்பொருள்) இடையில் சுவாப், அதாவது இரண்டு கியூபிட்டின் நிலைகளை இடம்மாற்றும் செயல், போட்டு நகர்த்தும். ஒரு சுவாப்புக்கு வழக்கமாக மூன்று சீநொட் படலை செலவாகும்; சீநொட் என்பது இரண்டு கியூபிட்டில் செய்யும் அடிப்படைச் செயல்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். உங்கள் சுற்றில், அதாவது ஓட்டப்போகும் படலைகளின் வரிசையில், 40 சீநொட், ஒவ்வொன்றிலும் பிழை 0.5 சதவீதம் என்று வையுங்கள். பிழையில்லாமல் முடிய ஏறக்குறைய 82 சதவீத வாய்ப்பு. 20 சுவாப் சேர்ந்தால் படலை 100 ஆகும், வாய்ப்பு 61க்கு இறங்கும். எச்2இல் கியூபிட் என்பது அயன், அதாவது மின்னேற்றம் உள்ள அணு; அந்த அயன்களையே நகர்த்தி எந்த இரண்டையும் பக்கத்தில் கொண்டுவரும். அங்கே இந்த 60 படலையும் மிச்சம்.

கிளிநொச்சி, பொறியியல் மாணவி: அப்போ அயன்தான் சிறந்ததா?

பதில்: வேகத்தில் இல்லை தங்கச்சி. மீக்கடத்தியில் ஒரு படலை நானோசெக்கன் கணக்கு, அயனில் மைக்ரோசெக்கன் கணக்கு. ஒரே சுற்றைப் பல்லாயிரம் தடவை ஓட்டவேண்டிய வேலை என்றால் இது பெரிதாக உறைக்கும்.

புதுக்குடியிருப்பு வாசகர்: கிஸ்கிட்டா, டிகெட்டா?

பதில்: இரண்டும் கம்பைலர் உள்ள மென்பொருள்கள், இலவசம், திறந்த மூலம். ஐபிஎம் இயந்திரம் என்றால் கிஸ்கிட். பல நிறுவனங்களின் இயந்திரங்களில் ஓட்டிப் பார்க்க டிகெட் வசதி. ஒன்று கவனியுங்கள்: கிஸ்கிட் சுவாப்புக்கு வழி தேடும்போது தற்செயல் எண்களைப் பாவிக்கிறது. அந்தத் தற்செயல் எண்களின் தொடக்கமான விதை எண்ணை மாற்றினால் கம்பைல் செய்த சுற்றும் மாறலாம். ஒருமுறை ஓட்டிவிட்டு ‘இந்தக் கம்பைலர் கூடாது’ என்று தீர்ப்புச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

மல்லாவி ஆசிரியை: உயர்தரப் பிள்ளைகளுக்குக் காட்டப் பழைய மடிக்கணினி போதுமா?

பதில்: தாராளமாகப் போதும் ரீச்சர். 20 கியூபிட்டைச் சாதாரண கணினியில் போலச்செய்து காட்ட, அவற்றின் நிலையைச் சேமிக்க 16 மெகாபைட் அளவுதான் வேண்டும். 30 என்றால் 16 ஜிகாபைட், அங்கே கணினி படுத்துவிடும். கம்பைல் செய்வதற்கு அந்த நினைவகம்கூடத் தேவையில்லை. ஒரே சுற்றைக் கிஸ்கிட்டில் இரண்டு தரம் கம்பைல் செய்யச் சொல்லுங்கள்: ஒருமுறை எல்லாக் கியூபிட்டும் எல்லாவற்றோடும் இணைந்ததாக, மறுமுறை அறுகோண வலையாக. பிறகு சீநொட்டை எண்ணச் சொல்லுங்கள். கிஸ்கிட்டை முதலில் இறக்கி நிறுவிவிட்டால் வகுப்பில் இணையமும் தேவைப்படாது.