பதில்: அப்பாவின் ஃபிளாப்பியில் இருப்பது குப்பை இல்லை

வணக்கம் தம்பி. நம் மியான்மரின் மோல்மேன் கோயில் விழா மலருக்கு அப்பா 1998இல் அடித்து வைத்த ஆறு ஃபிளாப்பிகள் (பழைய கணினித் தட்டுகள்), ஒன்றைத் திறந்தால் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பை என்று எழுதியிருந்தீர்கள். தூக்கிப் போட்டுவிடாதீர்கள்! நீங்கள் காட்டிய தலைப்பில் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று வருகிறதே, அது பாமினி எழுத்துருவில் 'தமிழ்'. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்த எழுத்துரு அது. உலக மொழிகளுக்குப் பொதுவான யூனிகோடு குறிமுறையில் 1991லேயே தமிழ் இருந்தும், விண்டோஸில் அது வந்தது 2000 பதிப்பில்தான். நம் நாட்டில் 2019 அக்டோபரில் ஜாவ்ஜி என்ற பழைய பர்மிய எழுத்துருவை விட்டு யூனிகோடுக்கு மாறியபோது பட்ட பாடு நினைவிருக்கும், ஏறக்குறைய அதே சிக்கல்.

மற்ற ஐந்தையும் அவசரப்பட்டுச் செருகாதீர்கள். உலோக மூடியை விரலால் நகர்த்தி, உள்ளே கறுப்புத் தகட்டை வெளிச்சத்தில் பாருங்கள். நம் ஊர் மழைக்கு வெள்ளைப் பூஞ்சை பிடித்திருக்கும். புள்ளி தெரிந்தால் அதைத் தனியே எடுத்து வையுங்கள். செருகினால் டிரைவின் படிக்கும் தலை கெட்டு, அடுத்த தட்டையும் கீறிவிடும். என் சின்னம்மா எழுதிய பாட்டுகளை நான் இழந்தது இப்படித்தான், இன்றும் மனசு ஆறவில்லை.

சுத்தமானவற்றில் மூலைத் தாழ்ப்பாளை ஓட்டை தெரியும்படி தள்ளுங்கள், அப்போது எதுவும் அழியாது. ஃபார்மட் செய்யவா என்று விண்டோஸ் கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். யூஎஸ்பி ஃபிளாப்பி டிரைவில் போட்டு, முதலில் முழுத் தட்டையும் ஒரே கோப்பாக நகலெடுங்கள், 1.44 எம்பிதான். பிறகு நகலில் மட்டும் பாமினியை யூனிகோடாக்கும் மாற்றியை ஓட்டுங்கள். பூஞ்சை பிடித்ததைப் படம் எடுத்துப் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.